சப்வூஃபருக்கு எங்கே கோடு கிழிப்பது: 50-ஆ, 80-ஆ, 120-ஆ?

அடி ஒலிக்கென்றே தனியாக வருகிற சப்வூஃபர் ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒயரைச் செருகி, முதல் பாட்டைப் போட்ட அன்றைக்கே வருகிற சந்தேகம் இது. ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ரிசீவரின் மெனுவைத் திறந்தால் 40 ஹெர்ட்ஸில் தொடங்கி 200, 250 வரை எண்கள் வரிசையாக நிற்கின்றன. சப்பின் முதுகில் தனியாக ஒரு திருகு, அதிலும் எண்கள். கடைக்காரர் "80-ல வெச்சிட்டுப் போங்க சார்" என்கிறார். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் "அவ்வளவு காசு கொடுத்து ஸ்பீக்கர் வாங்கிட்டு அதை ஏன் வெட்டுறே? முழுசா ஓட விடு" என்கிறார். இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு எது என்பதுதான் கேள்வி.

கிராஸ்ஓவர் என்பது மெயின் ஸ்பீக்கர் கையை விட்டு சப் கையில் ஒலி மாறுகிற இடம்: அந்த எண்ணுக்கு மேலே மெயின், கீழே சப். மிருதங்கத்தில் வலந்தலையும் தொப்பியும் இரண்டு தோல், இரண்டு கை. கேட்பவருக்கு அது ஒரே வாத்தியம். வீட்டில் சப்பும் ஸ்பீக்கரும் அப்படிக் கேட்க வேண்டும். "ஆஹா, சப் நல்லா அடிக்குது" என்று விருந்தாளி சொன்னால் நான் சந்தோஷப்படுவதில்லை. இரண்டும் தனித்தனியாக வாசித்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் போவதற்கு முன்னால், எதை வைத்து எடை போடுவது என்று பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், உங்கள் ஸ்பீக்கர் உண்மையில் எவ்வளவு கீழே இறங்குகிறது. விளம்பரத் தாளில் "45 ஹெர்ட்ஸ் முதல்" என்று போட்டிருப்பார்கள். அந்த 45-இல் ஒலி எவ்வளவு குறைந்துபோயிருக்கிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். 3 டெசிபல் குறைந்த இடம் ஒன்று, 10 டெசிபல் குறைந்த இடம் வேறொன்று. பொதுவாக, 3 அங்குல டிரைவர் கொண்ட குட்டி சாட்டிலைட் ஸ்பீக்கர் 120, 150 ஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்கும். 5¼ அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் 55, 60 வரை வரும். 6½ அங்குலம் 45, 50. தரையில் நிற்கும் நல்ல டவர் ஸ்பீக்கர் 35, 40. கிராஸ்ஓவரை இந்த எல்லையிலேயே வைக்கக் கூடாது. அரை ஸ்தாயியாவது மேலே வைக்க வேண்டும். 55-இல் நிற்கிற ஸ்பீக்கருக்கு அரை ஸ்தாயி மேலே என்றால் கிட்டத்தட்ட 78. கடைக்காரரின் 80 வானத்திலிருந்து விழவில்லை.

இந்த இடைவெளிக்குக் காரணம் இருக்கிறது. ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில் எழுப்ப, வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 80-இல் 1 மில்லிமீட்டர் அசைகிற கூம்பு 40-இல் 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். சின்ன வூஃபருக்கு அது எட்டாத தூரம். அப்படி ஓடும்போது அதே கூம்பிலிருந்து வருகிற குரலும் கலங்கும்.

இரண்டாவது, அறை. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள், நானும் மறந்தேன். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 14 அடிக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஒரு முழு அலை உங்கள் ஹாலுக்குள் அடங்கவே தடுமாறுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் பாதி அலை சரியாகப் பொருந்துகிற அதிர்வெண்களில் அறையே கூட்டுச் சேர்ந்து பாடும். 12 அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57. நம் வீடுகளில் செங்கலும் கான்கிரீட்டும் என்பதால் இந்தத் தொல்லை கூடுதல். பலகைச் சுவர் வைத்த அமெரிக்க வீடுகளில் பேஸின் ஒரு பங்கு சுவரோடு அசைந்து வெளியே போய்விடும். நம் சுவர் எதையும் விடாது, முழுசாகத் திருப்பி அனுப்பும். 10-க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் மூன்று திசையும் அதே 57-இல் வந்து குவியும். இருப்பதிலேயே மோசமான அறை அதுதான்.

மூன்றாவது, ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கிறதா. சுமார் 80-க்குக் கீழே அறைக்குள் திசை பிடிபடுவது கஷ்டம். மேலே போகப் போக சப் இருக்கும் மூலையைக் காது காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, வெட்டுகிற வேலையை யார் செய்வது: ரிசீவரா, சப்பின் திருகா, வெளியே வைக்கிற தனிப் பெட்டியா? என்னைக் கேட்டால் எண்ணைவிட இதுதான் பெரிய முடிவு. சப்பின் பின்னால் உள்ள திருகு சப்புக்குப் போவதை மட்டும்தான் வெட்டும். மெயின் ஸ்பீக்கருக்குப் போகிற பேஸை அது தொடாது.

ஐந்தாவது, நீங்கள் கேட்பது என்ன, பக்கத்து வீட்டில் யார் என்பது. அதைப் போகிற போக்கில் பார்ப்போம்.

## வழி 1: மெயினை முழுசாக ஓட விட்டு, அடியில் மட்டும் சப்

ஸ்டீரியோ ஆம்ப் வைத்துப் பாட்டு மட்டும் கேட்பவர்களின் வழி இது. ஆம்பின் ஸ்பீக்கர் முனையிலிருந்தே இன்னொரு ஒயர் எடுத்து சப்புக்குக் கொடுப்பார்கள். ரெல் மாதிரியான பிரிட்டிஷ் சப்வூஃபர் கம்பெனிகள் பல வருஷமாக இதைத்தான் பரிந்துரைக்கின்றன. மெயின் ஸ்பீக்கர் தன் போக்கில் கீழே இறங்கும். அது களைக்கிற இடத்தில், 40-லிருந்து 50 ஹெர்ட்ஸுக்குள், சப் மெதுவாக உள்ளே வரும்.

எளிமை இதன் பலம். மெயின் ஸ்பீக்கரின் பாதையில் புதிதாக எந்த ஃபில்டரும் வராது. ஆம்பின் குணம் மாறாது. சப்பை அணைத்தால் பழைய சிஸ்டம் அப்படியே இருக்கும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? கூம்பு ஓடும் கதை இங்கே அப்படியே தொடர்கிறது. சப் வந்ததால் மெயின் வூஃபரின் சுமை ஒரு பைசா குறையவில்லை. இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை துளை வைத்த பெட்டிகள். அந்தத் துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றே இருக்காது. வால்யூம் ஏற்றிக் கேட்பவர்களுக்கு இது ஆபத்து. அப்புறம், மெயினும் சப்பும் 45 முதல் 70 வரை சேர்ந்தே ஒலிப்பதால், அந்தப் பட்டையில் ஒன்றையொன்று தூக்கவும் செய்யலாம், அடிக்கவும் செய்யலாம். எது நடக்கும் என்பது உட்காரும் இடத்தைப் பொறுத்தது.

யாருக்கு இது சரி: டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர், மிதமான சத்தத்தில் கேட்பவர், ஆம்பில் ரிசீவர் மாதிரி பேஸ் பிரிக்கும் வசதி இல்லாதவர். 5¼ அங்குல புக்‌ஷெல்ஃபுக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 60-க்கு மேல் சப்பின் திருகைத் திருப்ப வேண்டியிருந்தால், இந்த வழி உங்களுக்கானது இல்லை என்று அர்த்தம்.

## வழி 2: 'ஸ்மால்' என்று சொல்லி 80-இல் வெட்டுவது

ரிசீவரில் ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று குறித்தால் மனசு வலிக்கிறது பலருக்கு. ஆளுயர டவரை வாங்கிவிட்டு ஸ்மால் என்றா போடுவது? பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம்தான். 'இந்த ஸ்பீக்கரின் பேஸை சப்புக்கு அனுப்பு' என்பது மட்டுமே அதன் பொருள்.

80 என்ற எண் பிரபலமானது டிஹெச்எக்ஸ் என்ற சினிமா ஒலித் தரத்தால். லூகாஸ்ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் தொடங்கிய அந்த வேலை தியேட்டரிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, திசை பிடிபடாத எல்லை, சாதாரண ஸ்பீக்கரால் இறங்க முடிகிற எல்லை இரண்டுக்கும் நடுவில் 80 உட்கார்ந்தது. அதோடு ஒரு கணக்கும் இருந்தது. சப்புக்கு ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரிவு, அதாவது வெட்டின இடத்தைத் தாண்டி ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒலி அவ்வளவு குறையும். மெயினுக்கு ரிசீவர் கொடுப்பது 12 டெசிபல் சரிவுதான். மீதி 12-ஐ, 80-இல் தானே இறங்கத் தொடங்குகிற மூடிய பெட்டி ஸ்பீக்கர் தரும். இரண்டும் சேர்ந்து 24 ஆகி, சப்பின் சரிவோடு கண்ணாடி பார்த்த மாதிரி பொருந்தும். லிங்க்விட்ஸ்-ரைலி என்று 1976-இலிருந்து பெயர் பெற்ற சரிவு அது.

இங்கேதான் மறைந்த செலவு. பல ரிசீவர்கள் இன்னும் அந்த 12-க்கு 24 ஏற்பாட்டையே வைத்திருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது மூடிய பெட்டி இல்லை. 50 வரை இறங்குகிற துளைப் பெட்டி. 80-இல் அது தானாகச் சரிவதே இல்லை. ஆகவே மெயின் எதிர்பார்த்ததைவிட மெதுவாக விலகுகிறது, இரண்டும் கொஞ்ச தூரம் கைகோத்து நடக்கின்றன. பெரிய குற்றமில்லை. ஆனால் 80 என்று போட்டதும் எல்லாம் தானாகப் பொருந்திவிடும் என்கிற நம்பிக்கை மட்டும் வேண்டாம்.

கிடைப்பதும் பெரிசு. ஆம்ப் சுமையில் கனமான பகுதி சப்பின் சொந்த ஆம்புக்குப் போய்விடுகிறது. மெயின் வூஃபர் குறைவாக ஓடுவதால் குரல் தெளிகிறது. சப்பை அறைக்கு ஏற்ற இடத்திலும், மெயினை மேடைக்கு ஏற்ற இடத்திலும் தனித்தனியாக வைக்கிற சுதந்திரம் கிடைக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிதான்.

ரிசீவர் வெட்டும்போது சப்பின் பின்னால் உள்ள திருகை 'எல்.எஃப்.இ' (படத்தின் தனி பேஸ் தடம்) நிலையிலோ கடைசி எண்ணிலோ விட்டுவிட வேண்டும். அங்கேயும் 80 வைத்தால் வெட்டின இடத்தையே மறுபடி வெட்டுவதாகும். இணைகிற இடத்தில் பள்ளம் விழும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் அடிக்கடி கண்ட தவறு இதுதான். இதைத் திருப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

மெனுவில் 'எல்.எஃப்.இ-க்கான லோ பாஸ்' என்று தனியாக ஒன்று இருக்கும். அது ஸ்பீக்கர் கிராஸ்ஓவர் இல்லை. படத்தின் 5.1 ஒலியில் அந்தப் ".1" தடம் 120 ஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது. அதை 120-இலேயே விட்டுவிடுங்கள்.

ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்கள் இந்த வழிக்கு வர வேண்டுமானால், மினிடிஎஸ்பி மாதிரி பேஸைப் பிரிக்கிற ஒரு பெட்டியை ப்ரீ ஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் செருக வேண்டும். ஒரே உடம்பாக வருகிற ஆம்புகள் பலவற்றில் அதற்கு வாசலே கிடையாது. வாங்கும் முன் ஆம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

## வழி 3: 100, 120, அதற்கும் மேல்

சாட்டிலைட் ஸ்பீக்கர் வைத்தவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. 3 அங்குல டிரைவரிடம் 80 கேட்டால் அது தராது. 80-க்கும் 130-க்கும் நடுவில் யாரும் பாடாத ஒரு ஓட்டை இருக்கும்.

விலை என்னவென்றால் குரல். பேசும்போது ஆண்குரலின் அடிச்சுருதி சுமார் 85 முதல் 155 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. 120-இல் வெட்டினால் சப்பிலிருந்து 160 ஹெர்ட்ஸும் 12 டெசிபல் குறைவோடு வந்துகொண்டிருக்கும். சப் ஓர் ஓரத்தில் இருந்தால், செய்தி வாசிப்பவரின் வாய் டிவியிலும் நெஞ்சு சோபா மூலையிலும் இருக்கும். கச்சேரி கேட்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆண் பாடகரின் மந்த்ர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். கிராஸ்ஓவர் 80-இல் இருந்தால் அந்தப் பஞ்சமம் பெரும்பாலும் மெயினிலிருந்து வரும். 120-இல் இருந்தால் பெரும்பாலும் சப்பிலிருந்து வரும். மத்திய ஸ்தாயியில் மேடை நடுவில் உட்கார்ந்திருந்தவர் மந்த்ரத்துக்கு இறங்கும்போது எழுந்துபோய் மூலையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

ஆகவே உயர்ந்த கிராஸ்ஓவர் என்றால் சப் முன்பக்கம், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் அல்லது ஒட்டி இருக்கட்டும். இரண்டு சப் இருந்தால் ஒவ்வொரு மெயினுக்குப் பக்கத்திலும் ஒன்று.

ஆனால் நல்ல ஸ்பீக்கர் வைத்திருந்தும் 100, 110 சரியாகிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நண்பர் ஒருவர் புத்தகத்தில் படித்தபடி ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து 3 அடி முன்னால் இழுத்து வைத்திருந்தார். மேடை ஆழம் பிரமாதம். ஆனால் மிருதங்கம் சொத்தை. எத்தனை முறை சப்பின் சத்தத்தை ஏற்றினாலும் அடியில் உறுமல்தான் கூடியது, தொப்பியின் சதை வரவில்லை. காரணம் சுவர். ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போகிற பேஸ் 3 அடி போய்ச் சுவரில் பட்டு 3 அடி திரும்பி வரும்போது, 95 ஹெர்ட்ஸ் வாக்கில் அரை அலை பிந்திவிடுகிறது. நேராக வருகிற ஒலியை அது தின்றுவிடும். ஈக்வலைசரில் தூக்கினால் தின்பதும் சேர்ந்து தூக்கப்படும். சப்போ சுவரை ஒட்டி இருக்கிறது. அதற்கு அந்தப் பள்ளம் கிடையாது. கிராஸ்ஓவரை 80-இலிருந்து 110-க்கு ஏற்றினோம். 95-ஐப் பாடும் வேலை சப்புக்கு மாறியது. தனி ஆவர்த்தனத்தில் தொப்பியில் வாசிக்கிற கும்கி உருண்டு வந்தது. சப் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்ததால் குரலும் இடம் பெயரவில்லை.

நம் ஃபிளாட்டுகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் நிற்கும். அவர்களுக்கு இந்தப் பள்ளம் 200 பக்கம் போய்விடும். அதைக் கிராஸ்ஓவரால் ஒன்றும் செய்ய முடியாது, 80-ஐ மாற்றத் தேவையும் இல்லை.

## வழி 4: இரண்டிலும் பேஸ்

மெயினை 'லார்ஜ்' என்று வைத்து, சப்புக்கு 'எல்.எஃப்.இ + மெயின்' என்று கொடுப்பது. சில ரிசீவர்களில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெயர். அதே பேஸ் இரண்டு பக்கமும் போகும். முதல் அரைமணி நேரம் ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இந்த வசதி இன்னும் மெனுவில் இருக்கிறது. அதன்பிறகு ஒவ்வொரு பாட்டிலும் ஒரே சுரம் மட்டும் வீங்கித் தெரிய ஆரம்பிக்கும். பெரிய அறை, முழு வீச்சு டவர், அளந்து பார்க்க மைக் மூன்றும் இருந்தால் கூடுதல் பேஸ் மூலங்களாக இவற்றைப் பயன்படுத்தி அறையைச் சமன் செய்யலாம். மற்றவர்கள் தொட வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| வழி | வெட்டும் இடம் | யாருக்கு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| மெயின் முழுசு, அடியில் சப் | 40–50 | டவர், ஸ்டீரியோ ஆம்ப், மிதமான சத்தம் | வூஃபரின் சுமை குறையாது |
| ஸ்மால், 80 | 70–90 | 5¼, 6½ அங்குல புக்‌ஷெல்ஃப். படமும் பாட்டும் | தூரமும் ஃபேஸும் சரிசெய்ய நேரம். ஸ்டீரியோவில் தனிப் பெட்டி |
| உயர்ந்த வெட்டு | 100–150 | சாட்டிலைட். சுவரிலிருந்து விலகிய ஸ்பீக்கர் | சப் முன்பக்கம்தான் இருக்க வேண்டும் |
| இரண்டிலும் பேஸ் | பொருத்தமில்லை | அளக்கத் தெரிந்தவர் | ஒரே சுரம் வீங்கும் |

## எண் முடிவானதும் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது

என் கதையைச் சொல்கிறேன். 11-க்கு 16 அடி ஹால், 5¼ அங்குல புக்‌ஷெல்ஃப், டிவி மேசைக்குப் பக்கத்தில் சப். ரிசீவரோடு வந்த மைக்கை வைத்துத் தானியங்கி அளவெடுப்பை ஓட்டினேன். புக்‌ஷெல்ஃபை 'லார்ஜ்' என்றது. சுவரை ஒட்டி இருந்ததால் பேஸ் ஊதிப்போய் அதை ஏமாற்றியிருக்கிறது. அதை மாற்றி 80 வைத்தேன். அது வரைக்கும் சரி. அடுத்து, சப்பின் தூரம் 5.1 மீட்டர் என்று காட்டியது. டேப் வைத்து அளந்தேன்: 3.3 மீட்டர். மெஷினுக்கு என்ன தெரியும் என்று 3.3 என்று திருத்தினேன்.

அன்றைக்குத் தொலைந்த பேஸ் மூன்று மாதம் கிடைக்கவில்லை. சப்பை ஏற்றினேன், இறக்கினேன், இடம் மாற்றினேன், வேறு ஒயர் வாங்கினேன். பூஜை அலமாரியில் இருந்த வெண்கல மணி மட்டும் ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணுத்தது. பாட்டில் கனம் இல்லை.

சப்புக்குள் இருக்கிற மின்சுற்று ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துகிறது. மில்லிசெகண்டுக்கு 35 சென்டிமீட்டர் கணக்கு. ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாக மாற்றித்தான் 5.1 என்று சொல்லியிருக்கிறது. நான் குறைத்த 1.8 மீட்டர் கிட்டத்தட்ட 5 மில்லிசெகண்ட். 80 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்றே 12.5 மில்லிசெகண்ட்தான். ஆக, இரண்டும் சந்திக்கிற அதே இடத்தில் சப்பை ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய எதிர்க்கட்சி ஆக்கிவிட்டிருந்தேன். 5.1-க்குத் திருப்பியதும் ஹால் நிறைந்தது.

தானியங்கி அளவெடுப்பில் தூரத்தை டேப்பை நம்பித் திருத்தாதீர்கள். கிராஸ்ஓவரை அது சொன்னதைவிட மேலே ஏற்றலாம். கீழே இறக்க வேண்டாம். அந்த ஸ்பீக்கர் அங்கே ஒலிக்கவில்லை என்று அளந்து பார்த்துத்தான் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறது.

கையால் சரிசெய்பவர்களுக்கு ஒரு தலைகீழ் வழி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. கிராஸ்ஓவர் எண்ணிலேயே, 80 என்றால் 80 ஹெர்ட்ஸிலேயே, ஒரு சோதனைச் சுரத்தை மெயினும் சப்பும் சேர்ந்து ஒலிக்க விடுங்கள். சப்பின் ஃபேஸ் பொத்தானை 180-க்கு மாற்றுங்கள், அதாவது சப்பின் அலையைத் தலைகீழாக்குங்கள். இப்போது சத்தம் அதிகமாகும் இடத்தைத் தேடாமல், *மிகக் குறைகிற* இடத்தைத் தேடுங்கள். ரிசீவரில் சப்பின் தூரத்தை ஒவ்வொரு அடியாகக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். நன்றாகச் சேர்கிற இடம் அகலமாக இருக்கும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. அடித்துக்கொள்கிற இடமோ கிணறு மாதிரி குறுகலானது. விழுந்தால் சந்தேகமே வராது. கண்டுபிடித்ததும் பொத்தானைப் பழையபடி 0-க்குத் திருப்புங்கள். கிணறு மேடாகிவிடும்.

இதற்குக் காதே போதும். ஃபோனில் சத்தம் அளக்கும் செயலி இருந்தால் இன்னும் வசதி. பல ஃபோன்களின் மைக் அடி ஒலியை வெட்டிவிடும் என்பதால் அதன் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே சுரத்தில் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அது போதும். இதிலேயே ருசி கண்டவர்கள் யூமிக் மாதிரி யூஎஸ்பி மைக் ஒன்றும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் எடுத்துக்கொள்ளலாம். 70, 80, 90, 100 என்று நான்கு கோடு வரைந்து பார்த்து, எது மட்டமாக வருகிறதோ அதை வைக்கலாம். என் வீட்டில் 90 வந்தது.

உட்காரும் இடத்தில் எல்லா எண்ணுக்கும் அதே பள்ளம் வந்தால் குற்றம் கிராஸ்ஓவர் மேல் இல்லை. சோபாவையோ சப்பையோ நகர்த்த வேண்டும். சப்பைச் சோபாவில் தூக்கி வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போய் எங்கே பேஸ் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைக்கிற பழைய வித்தை இன்றைக்கும் பலிக்கிறது. வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஒரு பெரிய சப்பா, இரண்டு சின்ன சப்பா என்று கூடவே கேட்கிறார்கள். ஒரே நாற்காலி என்றால் ஒன்று போதும். சோபா முழுக்கக் குடும்பம் உட்கார்ந்து பார்க்கிறது என்றால் இரண்டு. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றொன்று வைத்தால் இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் நன்றாகக் குறைகிறது. ஹாலின் நடுச்சுவரில் வாசல் இருக்கிற வீடுகளுக்கு இது ஒத்துவராது என்பது வேறு விஷயம்.

சப் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்கிறதா? கிராஸ்ஓவரைக் குறைக்கும் முன் அறையைச் சுற்றி வாருங்கள். பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டு. அதிர்கிற பொருளின் சத்தம் பேஸைவிட மேலே இருப்பதால் காது உடனே திசையைப் பிடித்துவிடும். எங்கள் வீட்டு மணியின் நாக்கில் ஒரு துண்டு பஞ்சு வைத்ததும் சப் ஒன்றரை அடி நகர்ந்த மாதிரி இருந்தது. காலையில் பூஜைக்கு முன்னால் அம்மா அதை எடுத்துவிடுவார். மறுபடி நான் வைப்பேன்.

வழி 2-க்கும் 3-க்கும் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ராத்திரி 10 மணிக்கு மேல் கீழ்வீட்டுக்காரரை நினைத்து சப்பின் சுவிட்சை அணைப்போம். மெயின் முழுசாக ஓடுகிற வழி 1-இல் அதனால் ஒன்றும் கெடாது. ஆனால் 'ஸ்மால்' என்று வைத்த வீட்டில் சப்பை அணைத்தால், 80-க்குக் கீழே இருப்பது எல்லாம் யாரிடமும் போகாமல் காணாமல் போகும். பாட்டு தகரம் மாதிரி ஆகிவிடும். நான் சப்பை அணைப்பதில்லை. ரிசீவர் மெனுவில் அதன் அளவை மட்டும் 6 டெசிபல் இறக்கி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் பார்க்கும்போது இப்போதெல்லாம் சிரிக்கிறார்.